இருநூறுக்கு எத்தனை?

திண்டுக்கல்
3.2.2025

அன்புள்ள செல்விக்கு,

மதினி ஆனந்தமேரி எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் இங்கே நானும் உன் அண்ணனும் இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காதுக்கருவி இன்னும் விசில் அடிக்கிறதா? போனில் கத்தினால் தெரு முழுக்கக் கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்பதில்லை. அதனால்தான் தபால்.

எனக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. 12ஆம் தேதி மதுரையில் ஆபரேஷன். பையன் கிளெமென்ட் ஓசூரிலிருந்து நாலு நாள் லீவில் வருகிறான். மூன்று வாரம் நான் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது என்கிறார்கள். உன் அண்ணனைத் தூக்கி நிறுத்தாமல் எனக்கு ஒரு பொழுது போகாது என்று உனக்குத் தெரியும். ஆகவே 10ஆம் தேதி அவரை நத்தத்துக்கு உன்னிடம் அனுப்புகிறேன். பக்கவாதம் வந்த இந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவரை விட்டு நான் இருந்ததில்லை.

செய்ய வேண்டியதைத் தனித்தாளில் இருபத்திரண்டு குறிப்பாக எழுதியிருக்கிறேன். முக்கியமானதை இங்கேயும் சொல்கிறேன். சட்டை மாட்டும்போது முதலில் வலது கையை நுழைக்க வேண்டும். ஐந்து பட்டனையும் நீயே போட்டுவிடு. அவரால் ஆகாது.

இன்னொரு விஷயம். ரஃபியா என்று பேகம்பூர்ப் பெண். பிசியோதெரபி மேற்படிப்புக்கு ஆராய்ச்சி செய்கிறாள். பக்கவாதம் வந்தவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அளக்க ஒரு வினாத்தாள் வைத்திருக்கிறாள். நாற்பது கேள்வி. நடக்கச் சிரமமா, சட்டைப் பொத்தான் போடச் சிரமமா, குடும்பத்துக்குப் பாரமாக உணர்கிறீர்களா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண். சுத்தமாக முடியாது என்றால் ஒன்று, சிரமமே இல்லை என்றால் ஐந்து. மொத்தம் இருநூறு. இங்கிலீஷிலிருந்து தமிழாக்கிய இந்தத் தாளை நம்பலாமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதனால் ஒரே ஆளிடம் பதினாலு நாள் விட்டு இரண்டு தடவை கேட்பாள். உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரே புளி மூட்டையை இன்று நிறுத்தாலும் அடுத்த வாரம் நிறுத்தாலும் அதே எடை வர வேண்டும். வராவிட்டால் தராசு கெட்டுப்போனது என்று அர்த்தம்.

போன சனிக்கிழமை முதல் தடவை வந்து கேட்டாள். உன் அண்ணனுக்கு "அதான்" என்பதைத் தவிர வார்த்தை வராதே, அதனால் எண் அட்டையில் விரல் வைத்தார். நான் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயே திறக்கவில்லை. பிறகு அதே நாற்பது கேள்வியை அவரைப் பற்றி என்னிடம் தனியாகக் கேட்டாள். மார்க்கைச் சொல்லக் கூடாதாம். முப்பத்தாறு வருஷம் பேப்பர் திருத்தியவளுக்குத் தலைகீழாக இருந்தால் படிக்கத் தெரியாதா? அவர் சொன்னது 92. நான் சொன்னது 90. நாற்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இரண்டே மார்க் வித்தியாசம்! ரஃபியாவே அசந்துபோனாள்.

இரண்டாம் தடவை 15ஆம் தேதி வருகிறது. நத்தத்துக்கே வருகிறேன் என்றாள். அவளுக்கு ஒரு நாற்காலி போடு. நீ எதிலும் தலையிடாதே.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்.

மதினி
ஆனந்தமேரி


நத்தம்
13.2.2025

அன்புள்ள மதினிக்கு,

செல்வி எழுதிக்கொள்வது. உங்கள் கண் ஆபரேஷன் நேற்று நல்லபடியாக முடிந்ததாக கிளெமென்ட் மெசேஜ் போட்டிருந்தான். சகாய மாதாவுக்கு நன்றி. கண்ணைக் கசக்காதீர்கள்.

அண்ணன் சௌக்கியம். நேரத்துக்கு மாத்திரை கொடுக்கிறேன். உங்கள் இருபத்திரண்டு குறிப்பையும் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.

இது புளி சீசன். கொட்டகையில் பதினோரு பெண்கள் புளி தட்டுகிறார்கள். அண்ணனைத் தனியாக வீட்டுக்குள் விட மனமில்லாமல் அங்கேயே நாற்காலி போட்டேன். ஒச்சம்மாளைத் தெரியுமே, வாய் ஓயாதவள்.

"வாத்தியாரய்யா, சாப்டீகளா?" என்றாள்.

"அதான்" என்றார் அண்ணன்.

"என்ன வெஞ்சனம்?"

"அதான்."

"அட, எங்க வீட்லயும் தெனம் அதான்யா!" என்றாள். கொட்டகையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

வேலை கிடக்கிறது. இத்துடன் முடிக்கிறேன்.

தங்கள்
மரியசெல்வி


திண்டுக்கல்
17.2.2025

அன்புள்ள செல்விக்கு,

கண்ணுக்கு மறைப்பு போட்டிருக்கிறார்கள். ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன், வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். வலி இல்லை. கிளெமென்ட் நேற்று ஊருக்குப் போய்விட்டான். வீடு ஓவென்று கிடக்கிறது.

அவர் சிரித்தார் என்று நீ எழுதிய வரியை இரண்டு முறை படித்தேன். சந்தோஷம். இங்கே அவரைச் சிரிக்கவைக்க நான் செய்யாத வேலை இல்லை. கிளெமென்ட் சின்னப் பிள்ளையில் பேசியதெல்லாம் பேசிக் காட்டினேன். பள்ளிக்கூட ஆண்டுவிழா போட்டோக்களைக் காட்டினேன். அவர் என்னைப் பார்ப்பார், தலையாட்டுவார், அவ்வளவுதான். ஒச்சம்மாளுக்கு இருக்கிற கொடுப்பினை எனக்கு இல்லைபோல.

ஆனாலும் கொட்டகையில் ஏன் உட்காரவைத்தாய்? புளித்தூசு நெஞ்சுக்கு ஆகாது. குறிப்பு ஒன்பதில் எழுதியிருக்கிறேனே. பெண்கள் கூச்சலும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அவருக்கு எது ஒத்துக்கொள்ளும், எது கொள்ளாது என்று நாற்பத்திரண்டு வருஷமாகக் கூடவே இருக்கிறவளுக்குத் தெரியாதா?

சனிக்கிழமை ரஃபியா வந்தாளா? எத்தனை நேரம் கேட்டாள்? சட்டைப் பட்டன் யார் போட்டுவிடுகிறீர்கள்? ராத்திரி என்னைத் தேடுகிறாரா? ஒவ்வொன்றுக்கும் விவரமாகப் பதில் எழுது.

உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்.

மதினி
ஆனந்தமேரி


நத்தம்
20.2.2025

அன்புள்ள மதினிக்கு,

கடிதம் கிடைத்தது. கண் மறைப்பு எடுத்தாயிற்றா? வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ரஃபியா வந்தது. முக்கால் மணி நேரம் கேட்டது. நான் கொட்டகையில் இருந்தேன். மோர் கொடுத்தேன், குடித்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போனது. நல்ல பிள்ளை.

அண்ணன் நன்றாகத் தூங்குகிறார். கொட்டை எடுத்த புளி இரண்டு கிலோ தனியாக வைத்திருக்கிறேன். ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கள்
மரியசெல்வி


திண்டுக்கல்
27.2.2025

அன்புள்ள செல்விக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கண் பளிச்சென்று தெரிகிறது. எதிர்வீட்டுச் சுவரில் இத்தனை விரிசல் இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

நான் நாலு கேள்வி கேட்டேன். நீ இரண்டுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறாய். பரவாயில்லை.

நேற்று ரஃபியா இரண்டாம் தடவையாக என்னிடம் கேட்க வந்தாள். முகம் சரியில்லை. "என்னம்மா?" என்றால், "ஒண்ணுமில்ல டீச்சர்" என்கிறாள். பையிலிருந்து தாளை எடுக்கும்போது நத்தத்துத் தாளும் கூட வந்து மேசையில் விழுந்தது. புதுக்கண் வேறு. ஒரு பார்வைதான் பார்த்தேன்.

139.

செல்வி, என் வீட்டில் 92. உன் வீட்டில் 139. பதினாலு நாளில் நாற்பத்தேழு மார்க். என்னிடம் நேற்றுக் கேட்டபோது நான் மறுபடியும் 90தான் சொன்னேன். நான் மாறவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை அரையாண்டில் முப்பத்தைந்து, முழு ஆண்டில் எண்பது வாங்கினால் நான் அவளைப் பாராட்டுவதற்கு முன்னால், அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாள் என்றுதான் பார்ப்பேன். நீ அவர் பக்கத்தில் நின்று, "நல்லா இருக்கேன்னு சொல்லுண்ணே" என்று ஜாடை காட்டினாயா? வீட்டுக்கு வந்த பிள்ளை முன்னால் நம் வீடு குறைவாகத் தெரியக் கூடாது என்று தோன்றியிருக்கலாம். உண்மையைச் சொன்னால் நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

"பாரமாக உணர்கிறீர்களா" என்ற கேள்விக்கு இங்கே அவர் ஒன்று வைத்தார். அதாவது எப்போதும் பாரமாகவே உணர்கிறாராம். அங்கே என்ன வைத்தார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் மடங்கியிருந்தது.

மதினி
ஆனந்தமேரி


நத்தம்
3.3.2025

அன்புள்ள மதினிக்கு,

சேசு ஆண்டவர் சாட்சியாக நான் அந்த அறையிலேயே இல்லை. ரஃபியாவையே கேட்டுப் பாருங்கள்.

எனக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து நீங்கள் திருத்துகிறவர், நாங்கள் எழுதுகிறவர்கள். என் கல்யாணப் பத்திரிகையில்கூட நீங்கள் சிவப்பு மையில் இரண்டு இடம் சுழித்தீர்கள். அதையெல்லாம் நான் மனதில் வைத்திருக்கவில்லை. இப்போது எழுத வந்ததால் எழுதினேன்.

அண்ணனை இன்னும் ஒரு மாதம் இங்கே விடுங்கள். உங்களுக்கும் ஓய்வு. அவருக்கும் இங்கே ஒரு குறையும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள்
மரியசெல்வி


திண்டுக்கல்
9.3.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமைதான் கைக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே நான் கார் பிடித்து வந்து அவரை அழைத்துப் போய்விட்டேன். சாம்பல் புதனன்று அவர் எங்கள் பங்குக் கோவிலில் என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. சொல்லாமல் வந்தது தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள். நீயும் கார் கிட்டே வரவில்லை. கொட்டகை வாசலில் நின்றே கையை அசைத்தாய்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நான் வந்து இறங்கும்போது அவர் சட்டை ஐந்து பட்டனும் திறந்து, மார்பு தெரிய உட்கார்ந்திருந்தார். போட்டுவிட ஆள் இல்லை. காருக்குள் வைத்து நான்தான் போட்டுவிட்டேன். குழந்தை மாதிரி நிமிர்ந்து காட்டினார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு யார் வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

ரஃபியா வந்தாள். இரண்டு தடவைக்கும் இத்தனை வித்தியாசம் வந்தால் தாள் சரியில்லையா, கேட்ட விதம் சரியில்லையா, ஆளே மாறிவிட்டாரா என்று பார்க்க வேண்டுமாம். அவள் பேராசிரியர், இன்னொரு தடவை எங்கள் வீட்டிலேயே வைத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறார். 15ஆம் தேதி வருகிறாள்.

இந்தத் தடவை நான் சும்மா இருக்கப் போவதில்லை. கேள்விகள் நாற்பதும் எனக்கு மனப்பாடம். பழைய நாட்காட்டித் தாளில் ஒன்று முதல் ஐந்து வரை வெட்டி அட்டை செய்திருக்கிறேன். காலைக் கஞ்சி முடிந்ததும் பத்துக் கேள்வி, சாயங்காலம் பத்துக் கேள்வி. இது காப்பி அடிப்பது இல்லை, செல்வி. மாதிரித் தேர்வு. நன்றாகப் படித்த பிள்ளைகூட மாதிரித் தேர்வு எழுதாமல் போனால் பயத்தில் தெரிந்ததை விட்டுவிட்டு வரும். அவருக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்பதை அவர் சொல்லத் தெரியாமல்தான் 92 வைத்தார். சொல்லக் கற்றுக்கொடுக்கிறேன்.

நல்ல மாணவர். ஐந்து என்று நான் மனதில் நினைக்கும்போதே விரல் ஐந்துக்குப் போய்விடுகிறது.

தவக்காலம். உனக்காகவும் ஜெபிக்கிறேன்.

மதினி
ஆனந்தமேரி


திண்டுக்கல்
17.3.2025

அன்புள்ள செல்விக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் இங்கே ஏதோ இருக்கிறேன்.

சனிக்கிழமை நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். கிளெமென்ட்டிடம் சொன்னால் "விடும்மா" என்பான். உன்னிடம்தான் சொல்ல முடியும். உனக்கு இதில் சந்தோஷம்கூட இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும்.

ரஃபியா கேட்க ஆரம்பித்தாள். நான் வழக்கம்போல அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்தேன். நடக்கச் சிரமமா? ஐந்து. படியேறச் சிரமமா? ஐந்து. பேசச் சிரமமா? ஐந்து. ரஃபியா பேனாவை நிறுத்தினாள். "அதான்" தவிர ஒரு வார்த்தை வராத மனுஷன், பேசுவதில் சிரமமே இல்லை என்கிறார். எனக்கே வெட்கமாகப் போயிற்று. ஆனால் பாதியில் என்ன செய்வது? முடித்தார். கூட்டிப் பார்த்தேன். 178.

ரஃபியா தாளை மடித்து வைத்தாள். "டீச்சர், ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது" என்றாள்.

"சொல்லும்மா."

"சார் அட்டையப் பாக்கல. ஒவ்வொரு கேள்விக்கும் உங்க மொகத்தத்தான் பாக்குறாரு. விரல ஒண்ணுலருந்து மெதுவா நகத்துறாரு. உங்க மொகம் எங்க தெளியுதோ அங்க வச்சுர்றாரு."

"இன்னைக்கு மட்டுமா?"

அவள் மடித்த தாளை மறுபடி பிரித்தாள். அப்புறம், "மொதத் தடவையும் அப்படித்தான்னு இப்ப தோணுது டீச்சர். உங்க 90, அவரு 92. நான்தான் என்னா ஒத்துமைன்னு நெனச்சு ஏமாந்துட்டேன்" என்றாள்.

செல்வி, நாலாம் வகுப்பில் எனக்கு ஒரு பையன் இருந்தான். ஏழெட்டு எவ்வளவு என்றால், "ஐம்பத்தி... நாலு... அஞ்சு..." என்று இழுத்துக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பான். ஐம்பத்தாறு வந்ததும் என் புருவம் இறங்கும் போலிருக்கிறது, அங்கேயே நின்றுவிடுவான். ஒரு வருஷம் முழுக்க அவனுக்கு வாய்ப்பாடு தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கேட்டபோதுதான் அகப்பட்டான். இதைக் கண்டுபிடித்ததாகப் பெருமையாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்குள் எட்டு மாதம் அதுவே நடந்திருக்கிறது.

அப்படியானால் 92 அவருடையது இல்லை. அது நான் அவரைப் பற்றி நினைத்தது. 178 எனக்கு இருந்த ஆசை. நான் இல்லாத இடத்தில் சொன்ன 139தான் அவர் சொன்னது.

அங்கே அவர் எப்படி இருந்தார்? உள்ளதை உள்ளபடி எழுது. நான் திருத்தமாட்டேன்.

ஆனந்தமேரி


நத்தம்
30.3.2025

அன்புள்ள மதினிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத வரவில்லை, அதனால்தான் எழுதவில்லை. நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். உள்ளதை எழுது என்று கேட்டீர்கள்.

வந்த இரண்டாம் நாள் காலையில் பால் பொங்கிவிட்டது என்று நான் பட்டனைப் பாதியில் விட்டு ஓடினேன். திரும்பி வந்தால் மிச்சம் மூன்றில் இரண்டு போட்டிருக்கிறது. இடது கையால். கடைசிப் பட்டன் மட்டும் சட்டையின் ஓட்டை தேடித் திணறிக்கொண்டிருந்தது. நான் கை வைக்கப் போனேன், தட்டிவிட்டார். அதிலிருந்து அவரேதான் போட்டார். ஐந்துக்கும் ஏழெட்டு நிமிஷம் ஆகும். நான் அடுப்படியில் நின்று வேறு எங்கோ பார்ப்பேன்.

கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தட்டின புளியில் நார் எடுத்தார். முதல் நாள் ஒரு கைப்பிடி, போகும் சமயத்தில் ஒரு நாளைக்கு ஒரு தாம்பாளம். ஒச்சம்மாள், "வாத்தியாரய்யா, நாரு இருக்கு பாருங்க, பெயிலு பெயிலு" என்று திருப்பிக் கொடுப்பாள். திரும்ப எடுத்துக் கொடுப்பார். எங்களுக்கு ஆள் பற்றாக்குறை. பரிதாபப்பட்டு வேலை கொடுக்கவில்லை, வேலை இருந்தது. கைத்தடியோடு கிணற்றடி வரை போனார். ஒரு தடவை விழப் பார்த்தார். உங்கள் தாளைத் தினமும் பார்த்துப் பயந்துகொண்டேதான் விட்டேன்.

இதையெல்லாம் அப்போதே எழுதியிருக்கலாம். பட்டனைப் பற்றி நீங்கள் கேட்டதும் எழுத உட்கார்ந்தேன். அண்ணன் பக்கத்தில் இருந்தார். "மதினிக்குச் சொல்லட்டுமாண்ணே, எம்புட்டுச் சந்தோசப்படுவாக" என்றேன். பேனாவைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. வாய் திறந்து "அதான்" என்று சொன்னாலாவது வேண்டும் வேண்டாம் தெரியும். சொல்லவில்லை. பேனாவை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதனால் மோர் கொடுத்ததை எழுதினேன்.

விளங்கியது நீங்கள் வந்த அன்றைக்குத்தான்.

அன்றைக்குக் காலையிலேயே ஐந்து பட்டனும் போட்டு, தலை சீவி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தினமும் ரோட்டைப் பார்த்துத்தான் நாற்காலியைத் திருப்புவார். எனக்குக் கார் சத்தம் கேட்கவில்லை. அவர் கை சட்டைக்குப் போனதைப் பார்த்துத்தான் யாரோ வருகிறார்கள் என்று தெரிந்தது. மேலேயிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். போட ஏழெட்டு நிமிஷம் ஆகிற கை, நீங்கள் கார் கதவைத் திறக்கும் முன்னால் ஐந்தையும் கழற்றிவிட்டது. கழற்றிவிட்டு, வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்தார்.

நான் கொட்டகை வாசலிலேயே நின்றது அதனால்தான்.

உங்களுக்கு என் நாற்பத்தேழு மார்க்கின் மேல் ஆத்திரம். உள்ளதைச் சொன்னால் அது எனக்கு இனித்தது. மதினியைவிட நான் ஒரு விஷயத்தில் நன்றாகச் செய்தேன் என்று கொட்டகையில் எல்லாரிடமும் சொன்னேன். அந்த ஐந்து பட்டனைப் பார்த்த பிறகு சொல்லவில்லை. பால் குடித்த நாளிலிருந்து கூட வளர்ந்தவள் நான். என்னிடம் கையைத் தட்டிவிட்டார். உங்களுக்கு நெஞ்சைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு உங்கள் மேல் இருந்த பொறாமை இன்னும் போகவில்லை. உள்ளதை எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

கிளிமூக்கு மாமரம் இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது. மே மாதம் அண்ணனை அனுப்புவீர்களா?

தங்கள்
மரியசெல்வி


திண்டுக்கல்
14.4.2025

அன்புள்ள செல்விக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நீயும் பிள்ளைகளும் நலமாக இருங்கள். உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. அதைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். திருத்தவில்லை. ஒரு இடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய், அதைக்கூட விட்டுவிட்டேன்.

அதைப் படித்த அன்று எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. எட்டு மாதம் என்னை ஏமாற்றியிருக்கிறார் என்று நினைத்தேன். சாப்பாட்டுத் தட்டைச் சத்தமாக வைத்தேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். எந்த எண்ணில் விரல் வைத்தால் இந்த முகம் தெளியும் என்று தேடுகிற பார்வை. அந்தப் பார்வையை எட்டு மாதமாகப் பாசம் என்று நினைத்திருந்தேன். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை என்னை அப்படிப் பார்த்திருந்தால் அதை நினைத்து எனக்குத் தூக்கம் போயிருக்கும்.

நான் அவரைக் கவனித்துக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கவனிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனால் நான் என்ன செய்வேன் என்று அவர்தான் யோசித்திருக்கிறார். ரிட்டையர் ஆன அன்று வீட்டுக்கு வந்து நான் அழுததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ரஃபியாவை நானே கூப்பிட்டேன். "இன்னொரு தடவை கேளும்மா, நான் இல்லாமல்" என்றேன். ஐந்தாம் தேதி வந்தாள். நான் கோதுமைப் பையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஆறு பேர். ஒருத்தி, "டீச்சர், நீங்க முன்னாடி வாங்க" என்று வழிவிட்டாள். "வேண்டாம், எனக்கு அவசரமில்ல" என்றேன். முக்கால் மணி நேரம் நின்றேன். இரண்டு தடவை, வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது.

திரும்பி வந்தபோது தாள் மேசையில் தலைகீழாக இருந்தது. மூன்று இலக்கம், முதல் இலக்கம் ஒன்று. அதற்கு மேல் படிக்காமல் மாவுப் பையை எடுத்து எண்ணின் மேலேயே வைத்துவிட்டேன்.

"என்ன டீச்சர், கூட்டிப் பாக்கலயா?" என்றாள் ரஃபியா.

"மாவு சூடா இருக்கும்மா, ஆற வைக்கணும்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

அவர் தாளை ஆராய்ச்சிக் கணக்கில் சேர்க்க முடியாதாம். நாலு தடவை நாலு விதம். ஆனால் இனி யாரைக் கேட்டாலும் வீட்டு ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாளாம். கணவனும் மனைவியும் ரொம்ப ஒத்துப்போனால் அதையும் சந்தேகப்பட வேண்டும் என்று இன்னொரு வரி. அந்த இரண்டாவது வரிக்கு நான்தான் காரணம் என்று தெரிந்தால் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

மே மாதம் அவரை அனுப்புகிறேன். இரண்டு வாரம். தாளில் குறிப்பு எதுவும் எழுதித் தரப் போவதில்லை. ஒச்சம்மாளிடம் அவரைச் சிரிக்கவைக்க என்ன சொன்னாள் என்று நான் கேட்டதாகச் சொல்லாதே. உன் பொறாமை போகவில்லை என்றாய். என்னுடையதும் போகவில்லை. இரண்டு வாரம் என்றால் இரண்டு வாரம்தான்.

நேற்று குருத்து ஞாயிறு. காலையில் வெள்ளைச் சட்டையை எடுத்து, வலது கையை நுழைத்துவிட்டு, நான் நகர்ந்துகொண்டேன். அவர் பட்டன் திறந்தபடியே நின்றார். என்னைப் பார்த்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலுக்குத் திரும்பினேன், கரும்பலகைக்குத் திரும்புவது மாதிரி. எதிர்வீட்டு விரிசலை எண்ணிக்கொண்டே நின்றேன். கோவிலில் முதல் மணி அடித்தது. இரண்டாம் மணி அடித்தது. இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், செல்வி, அது எப்படி என்று உனக்குத்தான் தெரியும். அவர் கைத்தடி தரையில் தட்டிய பிறகுதான் திரும்பினேன்.

ஐந்தும் போட்டிருந்தார். ஒரு ஓட்டை தள்ளி. மேல் பட்டன் இரண்டாம் ஓட்டையில், கீழே ஒரு நுனி தொங்கிக்கொண்டு, காலர் ஒரு பக்கம் ஏறி.

அப்படியே கிளம்பினோம். பூசைக்குத் தாமதமாகிவிட்டது. இடது கையில் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு பவனியில் கடைசி ஆளாக வந்தார். கோவில் வாசலில் என்னோடு வேலை பார்த்த மணிமேகலை டீச்சர், ஓலை வாங்க வந்தவள், என்னை ஓரமாக இழுத்தாள்.

"என்ன டீச்சர், சார் சட்டையில பட்டன் மாறிக் கெடக்கு. கண் ஆபரேஷன் பண்ணியும் நீங்க பாக்கலயா?"

"பாத்தேன்" என்றேன்.

மதினி
ஆனந்தமேரி